நாற்றைச் சாய்த்தது பங்கசுதானா?

வாடை மழை பிடித்து மூன்று நாளானால், மட்டக்களப்பில் களுவாஞ்சிக்குடிப் பக்கத்து மணற்பாத்திகளில் கொச்சிக்காய் (மிளகாய்) நாற்றுகள் வட்டம் வட்டமாகச் சாய்ந்து கிடக்கும். தண்டு மண்ணைத் தொடும் இடம் நூலாக மெலிந்திருக்கும். இலை இன்னும் பச்சைதான். ‘பூஞ்சணம் பிடிச்சிட்டு’ என்று சொல்லி ஏதாவது ஒரு பங்கசுநாசினியை ஊற்றுவது வழக்கம். சில பாத்திகளில் நோய் நின்றுவிடும். சிலவற்றில் வெறுந்தண்ணீர் தெளித்த கதைதான். போலி மருந்து என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன், சாய்த்தது எந்த வம்சம் என்று பார்த்துவிட வேண்டும்.

நாற்றழுகலுக்குப் பொதுவாக அகப்படுகிற இரண்டு குற்றவாளிகள் றைசொக்டோனியாவும் பித்தியமும். முன்னது உண்மையான பங்கசு. பின்னதும் வெள்ளை நூலாகத்தான் வளர்கிறது, இனம் பரப்பும் வித்தியும் விடுகிறது. ஆனால் பங்கசு அல்ல. கடலில் வளரும் கபில அல்காக்கள் எனும் பாசிகளும், தயற்றங்கள் எனும் நுண்பாசிகளும்தான் அதன் சொந்தக்காரர். இந்த வம்சத்துக்கு ஊமைசீற்று என்று பெயர். உண்மையான பங்கசுவின் கலச்சுவரில் இருப்பது கைற்றின், அதாவது வாவி இறாலின் ஓட்டில் இருக்கும் அதே பொருள். ஊமைசீற்றின் சுவரோ பெரும்பாலும் குளுக்கனாலும் செலுலோசினாலும் ஆனது. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்தது இந்த வம்சத்தைச் சேர்ந்த பைட்டோப்தோரா. 1869இல் இலங்கையில் பதிவான கோப்பித் துரு உண்மையான பங்கசு.

மருந்து பொய்ப்பதன் காரணம் இந்தப் பிறப்பு வேறுபாட்டில்தான் இருக்கிறது. டெபுகொனசோல், ஹெக்சாகொனசோல் போன்ற ‘அசோல்’ மருந்துகள், பங்கசு தன் கலமென்சவ்வுக்குத் தயாரிக்கும் எர்கொஸ்டெரோல் என்ற கொழுப்புப் பொருளின் உற்பத்தியைத் தடுக்கின்றன. பித்தியமும் பைட்டோப்தோராவும் அதைத் தயாரிப்பதே இல்லை. இல்லாத ஆலையை எப்படி மூடுவது? கார்பெண்டசிமும் இவற்றிடம் பலிக்காது. மெட்டலக்சில் நேர்மாறு: ஊமைசீற்றின் ஆர்.என்.ஏ. உற்பத்தியை முடக்கும், றைசொக்டோனியாவை ஒன்றும் செய்யாது. மான்கோசெப் இரு வம்சத்தையும் தாக்கும். ஆனால் அது மேற்பரப்பிலேயே நிற்கும் காப்பு மருந்து, திசுவுக்குள் போய்விட்ட நோயை மீட்காது. மெட்டலக்சிலை மட்டும் திரும்பத் திரும்ப அடித்தால் எதிர்ப்புத்திறன் சீக்கிரம் வந்துவிடும். அதனால்தான் மான்கோசெப்போடு கலந்து விற்கிறார்கள்.

கண்ணாலேயே பிரிக்கக்கூடிய இடமும் உண்டு. பூசணி, வெள்ளரி இலையில் வரும் இரண்டு நோய்களையும் ‘சாம்பல்’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். கச்சான் காற்று வீசும் உலர்ந்த மாதங்களில் இலையின் மேற்பக்கம் மாத்தூவியது போல் வெண்தூள் படிந்து, விரலால் துடைத்தால் போய்விட்டால் அது வெண்தூள் நோய், உண்மையான பங்கசு. அதன் வித்தி முளைக்க இலை நனைய வேண்டியதில்லை. பலத்த மழை அதைக் கழுவியே விடும். கந்தகமும் அசோலும் பலிக்கும். ஆனால் கச்சான் வெயிலில் நடுப்பகலில் கந்தகம் அடித்தால் பூசணி இலை கருகும். மாரியில் வருவது வேறு. மேற்பக்கம் நரம்புகளுக்குள் அடைபட்ட கோணல்மாணலான மஞ்சள் கட்டங்கள், அதே கட்டத்தின் கீழே சாம்பலும் ஊதாவும் கலந்த பஞ்சு. இது ஊமைசீற்று. பனி காயுமுன் இலையைத் திருப்பிப் பாருங்கள். வெயில் ஏறினால் பஞ்சு வாடிவிடும், நிச்சயம் சொல்ல முடியாது.

நாற்றுப் பாத்தியில் கண் போதாது. அங்கே ஊமைசீற்றின் ஒரு பலவீனத்தைப் பயன்படுத்தலாம்: அதன் இயங்குவித்திகள் இரண்டு சவுக்குமுளைகளால் தண்ணீரில் நீந்தி, வேரிலிருந்து கசியும் பொருட்களை மோப்பம் பிடித்து வரும். தூண்டில் போட்டால் அகப்படும். சாய்ந்த நாற்றுக்குப் பக்கத்தில், 5 முதல் 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஈரமண் 50 கிராம் அளவு எடுங்கள். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் இட்டு, கொதித்து ஆறிய தண்ணீர் 150 மில்லிலீற்றர் ஊற்றிக் கலக்கித் தெளிய விடுங்கள். மேலே மிதக்கும் சருகுகளை அகற்றி, நோயில்லாத கொச்சிக்காய் இலையை 5 மில்லிமீற்றர் துண்டுகளாக நறுக்கி ஐந்தாறை மிதக்க விடுங்கள். மூடி, நிழலில் வையுங்கள். இன்னொரு பாத்திரத்தில் இதே மண்ணைக் கால்மணி நேரம் கொதிக்க வைத்து, ஆறியபின் அப்படியே செய்யுங்கள். இது ஒப்பீட்டுக்கு. இரண்டு மூன்று நாளில் முதற் பாத்திரத்தின் இலைத்துண்டுகள் மட்டும் விளிம்பிலிருந்து நீர் கோத்து நிறம் மாறினால் சந்தேகம் வலுக்கிறது. இரண்டிலும் அழுகினால் அது பற்றீரியாவாக இருக்கலாம், சோதனை செல்லாது.

இந்தச் சோதனையில் பிழை நேர வழிகள் நிறைய. குழாய்த் தண்ணீரின் குளோரின் இயங்குவித்தியைக் கொல்லும். செம்புப் பாத்திரமும் கொல்லும். செம்பு மருந்துகள் ஊமைசீற்றிடம் வேலை செய்வதே இந்தக் குணத்தால்தான். வெயிலில் காய்ந்த மேல்மண் பயன்படாது.

நிறம் மாறிய துண்டின் ஓரத்தைச் சுரண்டி, ஒரு துளி நீரில் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால் வழக்குத் தீரும். ஊமைசீற்றின் இளம் இழையில், இழையைக் குறுக்கே அறைகளாகப் பிரிக்கும் பிரிசுவர் இராது. றைசொக்டோனியாவின் இழை கிட்டத்தட்டச் செங்கோணத்தில் கிளைக்கும். கிளை தொடங்கும் இடம் ஒடுங்கி, அதையடுத்துப் பிரிசுவர் ஒன்று நிற்கும். இயங்குவித்திகள் வித்திக்கலனுக்கு வெளியே மெல்லிய குமிழொன்றுக்குள் உருவானால் பித்தியம், கலனுக்குள்ளேயே உருவானால் பைட்டோப்தோரா. ஆனால் ‘பிரிசுவர் இல்லை, ஆகவே ஊமைசீற்று’ என்று எழுதிவிடுவது புதியவர்கள் அடிக்கடி விடும் தவறு. மழைக்காலத்தில் கொச்சிக்காயின் நுனியையும் பூவையும் அழுக வைத்து, கருந்தலைக் குண்டூசிகளை நட்டது போல் நிற்கும் கோனெஃபோரா உண்மையான பங்கசு. அதன் இழையிலும் பிரிசுவர் அரிது.

கச்சான் (நிலக்கடலை) தோட்டத்தில் இவ்வளவு பாடு வேண்டாம். வாடிய செடியின் அடியில் வெள்ளை விசிறி போல் இழை பரவி, அதில் கடுகு போன்ற கபில உருண்டைகள் இருந்தால் அது ஸ்கிளரோட்டியம் ரொல்ப்சி. அந்தக் ‘கடுகு’ மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும், ஆகவே செடியை மண்ணோடு சேர்த்து அகற்ற வேண்டும். கத்தரி, தக்காளி திடீரென்று வாடினால், தண்டைக் குறுக்கே வெட்டித் தெளிந்த தண்ணீர்க் கிளாசில் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் பால்போல் இழை வடிந்தால் பற்றீரியா, எந்தப் பங்கசுநாசினியும் வீண்.

சம்மாந்துறை, அக்கரைப்பற்று வட்டைகளில் வேளாண்மைக்கு, அதாவது நெல்லுக்கு, வரும் முக்கிய நோய்கள் பெரும்பாலும் உண்மையான பங்கசுகளின் வேலை. எரிபந்தம் இரு முனையும் கூரான, நடு சாம்பலான புள்ளி. கபிலப் புள்ளி எள்ளு வடிவம், சத்துக் குறைந்த மண்ணில் அதிகம். எரிபந்தக் கிருமியை ஒருவர் பிரிகுலேரியா என்பார், இன்னொருவர் மக்னபோர்த்தே என்பார். இரண்டும் ஒன்றே. ஒரே பங்கசுவின் பாலில்லா நிலைக்கும் பாலியல் நிலைக்கும் தனித்தனிப் பெயர் வைக்கும் பழைய விதி 2011இல் மெல்பேர்னில் கைவிடப்பட்டும், பழைய பெயர்கள் இன்னும் புழங்குகின்றன.

ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்க்க 200 கிராம் உருளைக்கிழங்கை அவித்து வடித்த சாறு, 20 கிராம் டெக்ஸ்ட்ரோசு, 15 முதல் 20 கிராம் ஏகார், ஒரு லீற்றராக்கும் அளவு தண்ணீர் போதும். 121 பாகை செல்சியசில் கிருமி நீக்க வேண்டும். துண்டை வெட்டும் இடம்தான் முக்கியம்: பச்சையும் அழுகலும் சந்திக்கும் ஓரம். செத்த நடுப்பகுதியை வைத்தால், பிறகு குடியேறிய கழிவுண்ணிப் பங்கசுகளே முந்திக்கொண்டு வளரும். பித்தியத்தைத் தேடும்போது வெளுக்கும் திரவத்தில் கழுவுவதைத் தவிர்த்து, ஓடும் தண்ணீரில் நன்கு அலசுவதே நல்லது. 2012இல் பங்கசுகளுக்கான பொது மரபணு அடையாளமாக ‘ஐ.ரி.எஸ்.’ பகுதி முன்மொழியப்பட்டது. ஆனால் பியூசேரியம் என்ற பங்கசுவின் இனங்களை நுணுக்கமாகப் பிரிக்க அது மட்டும் போதாது.

வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடத்துக்கோ விவசாயப் போதனாசிரியரிடமோ மாதிரி கொண்டுபோவதானால், முழுதும் அழுகியதை விட்டு அரைகுறையாய் வாடிய செடியை வேரும் மண்ணுமாய் எடுங்கள். வேர்ப்பகுதியைத் தனிப் பையில் கட்டி, இலையைக் காகிதத்தில் சுற்றுங்கள். ஈர இலையைப் பொலித்தீன் பையில் அடைத்து மோட்டார் சைக்கிளில் வெயிலில் கொண்டுபோனால் போய்ச் சேரும்போது கையில் இருப்பது கூழ். கடைசியாக அடித்த மருந்தின் பெயரையும் நாளையும் காகிதத்தில் எழுதி வையுங்கள்.