டிக்டேஷன்: சொல்வதெழுதுதலா, கேட்டெழுத்தா?

"நாளைக்கு டிக்டேஷன்" என்றால் கேரள எல்லைப்பகுதியான சித்தூர், தேவிகுளம், பீருமேடு தமிழ்வழி வகுப்புகளுக்கும் புரியும், பக்கத்து மலையாள வகுப்புக்கும் புரியும். லத்தீனில் 'டிகெரே' என்பது சொல்லுதல். 'டிக்டாரே' என்பது திரும்பத் திரும்பச் சொல்லுதல், பிறர் எழுதிக்கொள்ளச் சொல்லுதல். அதிலிருந்து வந்தது இது. டிக்டேட்டரும் அதே வேர்தான். சில வகுப்புகளில் அந்த உறவு இன்னும் விட்டுப்போகவில்லை.

தமிழில் வழங்குவது சொல்வதெழுதுதல். சொல்லுகிற ஆசிரியர் முன்னால் நிற்கும் பெயர். மலையாளத்தில் கேட்டெழுத்து: கேட்கிற பிள்ளை முன்னால். கேள், எழுது இரண்டும் நம்முடையவையே. அந்த வடிவம் தமிழ்க் காதுக்கு ஒட்டவில்லை என்றால் கேட்டெழுதுதல் என்று வைத்துக்கொள்ளலாம். நமக்கு இதுவே பொருத்தம். காதில் விழுந்த ஒலி எந்த எழுத்தாக மாறுகிறது என்பதைத்தானே இதில் பார்க்கிறோம்?

பத்துச் சொல் போதும். ஐந்து படித்த பாடத்திலிருந்து, ஐந்து புதிது. கூடவே இரண்டு சிறு வாக்கியம். வாக்கியத்தை முதலில் முழுதாக, இயல்பான வேகத்தில் சொல்ல வேண்டும். அடுத்து இரண்டு மூன்று சொல்லாகப் பிரித்து, கடைசியில் மறுபடி முழுதாக. 'ம…ர…ம்' என்று இழுத்தால் பிரிக்கிற வேலையை ஆசிரியரே செய்துவிடுகிறார். ரப்பருக்கு அன்று விடுமுறை. தப்பை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு மேலே எழுதட்டும். அழித்துவிட்டால் பிள்ளை எங்கே தடுமாறியது என்ற தடயமும் போய்விடும். எழுதி முடித்ததும் அவரவர் எழுதியதை அவரவரே வாசிக்க வேண்டும். எழுதியது ஒன்று, வாசிப்பது ஒன்று என்றால் பிள்ளை தன் எழுத்தைப் பார்த்து வாசிக்கவில்லை, நினைவிலிருந்து சொல்கிறது.

திருத்தும்போது பத்துக்கு ஆறு என்று போட்டு நோட்டை மூடுவதில் பயனில்லை. எல்லைப்பகுதியில் ஒவ்வொரு தப்புக்கும் ஒரு ஊர் உண்டு. 'வீடு' என்பதை 'வீட்' என்று ஒரு பிள்ளை எழுதினால் அது கவனக்குறைவு என்று முடிவுகட்ட வேண்டாம். மலையாளத்தில் அந்தச் சொல்லின் கடைசி எழுத்துக்கு மேல் சந்திரக்கலை என்ற சிறு பிறைக்குறி வரும். அதைத் தமிழில் புள்ளியாக வைத்திருக்கலாம். 'தலை'யைத் 'தல' என்று எழுதினால் மலையாளமும் காரணமாகலாம், நம் பேச்சுத் தமிழும் காரணமாகலாம். 'காற்று' 'காத்து' ஆனால் அது முழுக்க வீட்டுப் பேச்சு. மூன்றையும் பத்துத் தடவை இம்போசிஷன் எழுதவைத்து மாற்ற முடியாது. முதல் பிள்ளைக்கு இரண்டு மொழிச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் போதும்.

ர, ற விஷயம் தனி. இன்றைய தமிழ்ப் பேச்சில் பலர் வாயில் இரண்டும் ஒன்றே. 'அரை', 'அறை' என்று தனிச்சொல்லாகச் சொல்லி எழுதச் சொன்னால் அது குருட்டாம்போக்குச் சோதனை. 'அரை கிலோ வெல்லம்', 'அறைக் கதவு' என்று சேர்த்தே சொல்ல வேண்டும். மலையாளமும் பேசுகிற பிள்ளைக்கு இங்கே ஒரு பிடி இருக்கிறது. அங்கே ஆற்றங்கரை 'கர', துணியில் படிந்தது 'கற'. இரண்டையும் வேறு வேறாகவே உச்சரிக்கிறார்கள். 'கரை', 'கறை' சொல்லித்தரும் நாளில் அதையே எடுத்துக்கொள்ளலாம்.