ஆறு நூல் வித்தியாசம்

எங்கள் வேலூர்ப் பக்கத்துத் தச்சர்கள் பலர் இன்னும் அங்குலத்திலும் நூலிலும்தான் கணக்குச் சொல்வார்கள். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். ஒரு நூல் என்பது 3.2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சத்துவாச்சாரியில் ஒரு மரப்பட்டறையில் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு மலைவேம்பில் பாடி, அதாவது உடற்பகுதி, அறுத்தபோது இந்தக் கணக்கு எனக்கு வசதியாகவே இருந்தது. ஃபெண்டர் கம்பெனி வகைக் கிட்டாரில் ஒலிக்கும் கம்பியின் நீளம் 25½ அங்குலம், அதாவது 25 அங்குலம் 4 நூல். கிப்சன் கம்பெனி வகையில் 24¾ அங்குலம், அதாவது 24 அங்குலம் 6 நூல். இரண்டுக்கும் நடுவே ஆறு நூல்.

நான் தடுமாறியதும் அந்த ஆறு நூலில்தான். என் கையில் இருந்த நெக், அதாவது விரல் ஓடும் கழுத்துப் பகுதி, உடைந்துபோன கிப்சன் பாணிக் கிட்டார் ஒன்றிலிருந்து கழற்றியது. பாடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை எங்கே வைப்பது என்பதற்கு நண்பரின் ஃபெண்டர் பாணிக் கிட்டாரை அளந்து, நெக்கின் மேல்முனையில் கம்பிகள் தங்கும் நட்டிலிருந்து சரியாக 25 அங்குலம் 4 நூலில் துளை போடச் சொல்லிவிட்டேன். கம்பி பூட்டிச் சுருதி சேர்த்தேன். திறந்த கம்பிகள் அருமையாக ஒலித்தன. நெக்கில் கை மேலே ஏற ஏற எல்லாம் அபசுரம்.

"இன்னா தம்பி, ஆறு நூலு. அதுக்காடா இவ்ளோ கவல?" என்றார் தச்சர். கதவு நிலையாக இருந்தால் அவர் சொல்வது சரிதான், இழைத்தோ சக்கை வைத்தோ சமாளித்துவிடலாம். கிட்டாரில் ஏன் முடியாது?

கம்பியின் நீளம் பாதியானால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். அந்த ஒரு ஸ்தாயியை 12 சமமான அரைச்சுரங்களாகப் பிரித்துத்தான் கிட்டாரில் மெட்டுகள் (நெக்கில் குறுக்கே பதியும் உலோகப் பட்டிகள்) அடிக்கிறார்கள். 'சமம்' என்பது காதுக்குச் சமம். நீளத்தில் அது விகிதமாக வரும். மிச்சம் இருக்கும் நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817-ஆல் வகுத்து, வந்த அளவு தள்ளி அடுத்த மெட்டை அடிக்க வேண்டும். 16-ஆம் நூற்றாண்டில் கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி, லூட் வாத்தியத்துக்கு 18-ஆல் வகுக்கும் கணக்கைச் சொன்னார். அவரே ஓர் இசைக்கலைஞர். கைக்கணக்குக்கு எளிது, காதுக்கும் ஏறத்தாழச் சரி. ஆனால் அதன்படி 12 முறை போனால் கம்பி பாதியாவதற்கு ஒரு மயிரிழை முன்பே நின்றுவிடும்.

ஆக, ஒரு நெக்கில் உள்ள எல்லா மெட்டுகளும் ஒரே ஒரு மொத்த நீளத்தை நம்பி அடிக்கப்பட்டவை. அந்த நீளம் எது என்று கண்டுபிடிக்க நட்டிலிருந்து 12-ஆவது மெட்டு வரை அளந்து இரட்டிப்பாக்கினால் போதும். என் நெக்கில் 12-ஆவது மெட்டு வரை 12 அங்குலம் 3 நூல். அங்கிருந்து பிரிட்ஜும் அதே தூரத்தில் இருக்க வேண்டும். நான் வைத்ததோ 13 அங்குலம் 1 நூலில். அரைச்சுரத்தை 100 பங்காக்கி இந்தத் தவறைக் கணக்கிட்டுப் பார்த்தேன். முதல் மெட்டில் 3 பங்குதான் இறங்குகிறது, பலருக்குக் காதில் படாது. 5-ஆவது மெட்டில் 17 பங்கு. 12-ஆவதில் 50 பங்கு, அரைச்சுரத்தில் சரிபாதி. திறந்த கம்பி என்னை ஏமாற்றியது இதனால்தான்.

வீணையில் இந்தச் சிக்கலுக்கு வழி உண்டு. 24 பித்தளை மெட்டுகளும் மெழுகில் அமர்ந்திருப்பவை. மெழுகை இளக்கி, காதால் கேட்டுக் கேட்டு நகர்த்தலாம். கிட்டாரில் மெட்டுகள் மரத்தில் அறுத்த பள்ளத்துக்குள் அடித்து இறக்கப்பட்டவை. அவை அசையா. பிரிட்ஜ்தான் அவற்றைத் தேடி வர வேண்டும். பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பிக்கும் உள்ள சேடில் என்ற சிறு தாங்கியைத் திருகால் முன்பின் நகர்த்தலாம் என்றாலும், 19 மில்லிமீட்டர் தூரத்துக்கு அந்தத் திருகு போகாது. பழைய துளைகளில் பசை தடவிய மரமுளைகளை அடித்து, காயவிட்டு, ஆறு நூல் முன்னால் புதிதாகத் துளையிட்டோம். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புக்குக் குழி தோண்டாமல் விட்டிருந்தது என் நல்ல நேரம்.

புதுத் துளை போடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்பியை அழுத்தினால் அது கொஞ்சம் இழுபட்டுச் சுருதி ஏறும். தடித்த கம்பியில் இந்த ஏற்றம் அதிகம். அதைச் சமன்செய்ய அந்தக் கம்பியை இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமாக விட வேண்டும். ஆகவே மிக மெல்லிய கம்பியின் சேடிலை ஏறக்குறைய முன்கோடிக்குத் தள்ளி வைத்து, அந்த நிலையில் அது 24 அங்குலம் 6 நூலில் வருமாறு பிரிட்ஜைக் குறித்தோம். மற்ற சேடில்களுக்குப் பின்னால் நகர இடம் கிடைத்தது. நெக்கின் இரு ஓரத்திலும் கம்பிக்குச் சம இடைவெளி வர, நட்டிலிருந்து பிரிட்ஜுக்குத் தச்சர் நிஜமாகவே நூல் பிடித்துப் பார்த்தார்.

மற்ற பொருத்தமின்மைகள் சில்லறை வேலைதான். நெக்கின் தலையில் 10 மில்லிமீட்டர் துளைகள், என்னிடம் இருந்ததோ பழைய பாணி மெல்லிய ட்யூனர்கள் (சுருதி சேர்க்கும் முறுக்காணிகள்). ராணிப்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் ஆறு பித்தளை வளையங்கள் கடைந்து வாங்கினேன். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் மின்தடையான வால்யூம் பாட்டில், அமெரிக்க வகையின் கழுத்து 3 நூல், 9.5 மில்லிமீட்டர். ஆசிய வகைக்குப் போடும் 8 மில்லிமீட்டர் துளையில் அது நுழையாது. எலிவால் அரத்தால் ராவினால் வேலை முடிந்தது. பாட்டின் தண்டில் மாட்டும் குமிழியைத்தான் வம்புக்கு அழுத்தக்கூடாது. ஒரு வகைத் தண்டில் 24 பல், இன்னொன்றில் 18 பல். அழுத்தினால் தண்டு பிளக்கும்.

பாட்டின் மதிப்பு வேறு கதை, அது ஒலியையே மாற்றும். பிக்கப்பின் சுருளும் கேபிளின் மின்தேக்கமும் சேர்ந்து, மேல் அதிர்வெண்களில் ஓரிடத்தில் ஒலியைத் தூக்கிக் காட்டும். பாட் அந்தத் தூக்கலுக்குக் கடிவாளம் மாதிரி. மின்தடை குறையக் குறையக் கடிவாளம் இறுகும். கூர்மையான ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம், கனத்த குரல் உள்ள இரட்டைச் சுருள் ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் என்பது வழக்கம். என் கிட்டாரில் இரண்டு வகையும் இருப்பதால் 500 போட்டேன். ஒற்றைச் சுருள் மட்டும் பாடும்போது இணைகிற மாதிரி ஸ்விட்சில் ஒரு 470 கிலோ ஓம் தடையைப் பக்க இணைப்பாகப் பற்றவைத்தேன். இரண்டும் சேர்ந்து 242 ஆகிவிடும்.

அப்புறமும் ஒரு குறை. தனித்தனியே நன்றாகப் பாடிய பிக்கப்புகள், இரண்டும் சேர்ந்து பாட ஸ்விட்சை நடுவில் வைத்தால் கொசு மாதிரி ஒலித்தன. இரண்டும் வேறு வேறு தயாரிப்பு. காந்த முனையோ சுருள் சுற்றிய திசையோ எதிராக இருந்தால், ஒன்று மின்னோட்டத்தை முன்னே தள்ளும் நேரத்தில் மற்றது பின்னே இழுக்கும். அடிக்குரல்தான் முதலில் அடிபடும்.

இதைக் கண்டுபிடிக்க முள் வைத்த பழைய மீட்டரே சிறந்தது. பிக்கப்பின் இரு கம்பிகளிலும் மீட்டரை மாட்டி, ஒரு ஸ்க்ரூடிரைவரைக் காந்தத்தின் மேல் ஒட்டவிட்டு வெடுக்கென்று இழுத்தால் முள் ஒரு பக்கம் துள்ளும். மற்ற பிக்கப்பிலும் அதே பக்கம் துள்ள வேண்டும். எனக்கு எதிர்ப்பக்கம் துள்ளியது. ஒற்றைச் சுருளின் இரண்டு கம்பிகளையும் மாற்றிப் பற்றவைத்தேன். உலோக மூடி உள்ள பிக்கப் என்றால் மூடியின் எர்த் கம்பியை முதலில் தனியே பிரித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மூடியே இரைச்சலை வாங்கி உள்ளே அனுப்பும். என்னுடையதில் மூடி இல்லை. ஸ்விட்சை மீண்டும் நடுவில் தட்டி, தடித்த கம்பியை மீட்டினேன். அடிக்குரல் முழுசாக வந்தது.