‘கோப் அப் வித்’ என்று ஒன்று கிடையாது

வேலை தேடும் பிள்ளைகளுக்கு மாதிரி நேர்காணல் நடத்தி, அவர்களுடைய ஆங்கிலத்தைத் திருத்துவது என் தொழில். வேலைப்பளு கூடினால் எப்படிச் சமாளிப்பீர்கள் என்று எல்லோரிடமும் கேட்பேன். இந்த வாரம் வந்த ஆறு பேரில் ஐந்து பேர், பேசி வைத்துக்கொண்டதுபோல, ‘ஐ கேன் கோப் அப் வித் எனி சிச்சுவேஷன்’ என்றார்கள். ஆறாவது ஆள் ‘ஐ கேன் ஹேண்டில் இட்’ என்று சொல்லித் தப்பித்தார்.

கோப் வித். அவ்வளவுதான். நடுவில் ‘அப்’ இல்லை.

அது எங்கிருந்து வந்து ஒட்டிக்கொள்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கீப் அப் வித், கேட்ச் அப் வித், கம் அப் வித், புட் அப் வித் என்று வரிசையாகக் காதில் விழுந்தபின், ‘வித்’துக்கு முன்னால் ‘அப்’ வந்தே தீரும் என்று நாக்கு முடிவு செய்துவிடுகிறது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். திருத்தினால் வருகிற பதில்தான் தாங்கவில்லை: “ஒரு வார்த்தை கூட இருந்தா என்ன மேடம், அழுத்தமாத்தானே இருக்கு?”

இல்லை அம்மா, இல்லை. இந்தச் சின்னச் சொற்கள் கறிவேப்பிலை அல்ல, தூக்கிப் போடவும் கூடப் போடவும். ‘ஐ புட் அப் மை மதர் இன் லா’ என்றால் மாமியாருக்கு வீட்டில் தங்க இடம் கொடுத்தீர்கள். ‘ஐ புட் அப் வித் மை மதர் இன் லா’ என்றால் மாமியாரைச் சகித்துக்கொண்டீர்கள். ஒரே ஒரு ‘வித்’. குடும்பமே மாறிப்போகிறது.

ஏதோ ஆங்கிலத்துக்கு மட்டும் உள்ள கிறுக்கு என்று நினைக்காதீர்கள். ‘விட்டுக்கொடு’ என்பதை விடுவதையும் கொடுப்பதையும் கூட்டிப் பார்த்தா புரிந்துகொள்கிறோம்? ‘தம்பிக்கு விட்டுக்கொடு’ என்றால் சண்டையில் நீ இறங்கிப் போ. ‘தம்பியை விட்டுக்கொடுக்காதே’ என்றால் அடுத்தவர் முன்னால் அவன் பக்கம் நில். வினை அதேதான், உருபு மாறியதும் சேதி வேறு. படிக்காத பாட்டிகூட இதில் தவற மாட்டார். முதலாவதற்கு ஆங்கிலத்தில் ‘கிவ் இன் டு’. நம் ‘கு’ நின்ற இடத்தில் அவர்களுடைய ‘டு’ நிற்கிறது.

அடுத்த குற்றவாளி, வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘நூறு ஃப்ரேசல் வெர்ப்’ பட்டியல். வினையோடு இப்படிச் சின்னச் சொல் ஒட்டி வருவதற்குத்தான் அந்தப் பெயர். ‘ரன் அவுட் - தீர்ந்துபோதல்’ என்று ஒரு வரி. அதை மனப்பாடம் செய்த பெண் ‘வி ரன் அவுட் மில்க்’ என்கிறாள். எது தீர்ந்தது என்று சொல்ல ‘ஆஃப்’ வேண்டும் என்பது பட்டியலில் இல்லையே, அவள் என்ன செய்வாள்? தயவுசெய்து அந்தப் பட்டியலை யாருக்கும் அனுப்பாதீர்கள். நோட்டில் எழுதுவதாக இருந்தால், ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’ என்று பாலோடு சேர்த்து எழுதுங்கள்.

மின்னஞ்சல் முடிவில் ‘லுக்கிங் ஃபார்வர்டு டு மீட் யூ’ போடுகிறவர்களே, அது ‘மீட்டிங் யூ’. சந்தேகம் வந்தால் ‘டு’வுக்குப் பின்னால் ‘யுவர் ரிப்ளை’ என்று பெயர்ச்சொல் ஒன்றை வைத்துப் பாருங்கள். பொருந்துகிறதா? அப்படியானால் அங்கே வினையும் ‘இங்’ போட்டுக்கொண்டுதான் வர வேண்டும். ‘வான்ட் டு’வில் அப்படி வைத்துப் பாருங்கள், பொருந்தாது, அது வேறு ‘டு’. அப்புறம், ‘பிக் அப் இட்’ கிடையாது, ‘பிக் இட் அப்’. ஆனால் ‘லுக் ஆஃப்டர் இட்’ சரி, ‘லுக் இட் ஆஃப்டர்’ தப்பு. ஏன் என்று இப்போது கேட்காதீர்கள், பத்துத் தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வெட்கப்படவும் வேண்டாம். 1755-இல் வந்த தன் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன், வினையோடு இப்படிச் சின்னச் சொல் சேர்ந்து பொருள் மாறுவதுதான் வெளிநாட்டவருக்குப் பெரிய சிரமம் என்று எழுதியிருக்கிறார். அவர் காட்டிய உதாரணங்களில் ‘டேக் ஆஃப்’பும் ஒன்று.

நாளைக் காலையே நேர்காணல் இருக்கிறதா? இன்று ராத்திரி உட்கார்ந்து புதிதாக எதையும் உருப்போடாதீர்கள். அந்த ஆறாவது ஆள் மாதிரி ‘ஐ கேன் ஹேண்டில் இட்’ என்று சொல்லிவிட்டு வாருங்கள்.