கரண்ட் போன இரவும் மூன்று லிட்டர் காற்றும்

அது மே மாதம். தருமபுரியில் பகல் முழுக்க அடித்த வெயிலுக்குப் பிறகு இரவு பத்தரை மணிக்குக் காற்றும் மழையும் சேர்ந்து வந்தன. எங்கோ மரம் சாய்ந்து கம்பி அறுந்துவிட்டது. மறுபடி கரண்ட் வந்தபோது மணி காலை ஆறரை. கூடத்தில் இருந்த மூன்றடி மீன் தொட்டியில் ஆறு சில்வர் ஷார்க்குகளும் இரண்டு ஏஞ்சல்களும் செத்துக் கிடந்தன. அதே தொட்டியில், அதே தண்ணீரில், இரண்டு கௌராமிகள் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் நீந்திக்கொண்டிருந்தன.

மூன்று வருடம் வளர்த்த மீன்கள். மனசு கேட்கவில்லை. அன்று மாலையே ஜெனரேட்டர் விசாரிக்கக் கடைக்குப் போனேன். "எத்தனை கேவிஏ வேணும்ணா?" என்றார் கடைக்காரர். கேவிஏ என்பது ஜெனரேட்டர் எவ்வளவு மின்சாரம் தரும் என்பதற்கான அளவு. எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்குத் திரும்பி, அந்தக் கேள்வியைத் தொட்டியிலிருந்து தொடங்கிப் பார்த்தேன். கரண்ட் போனால் தண்ணீருக்குள் என்னதான் நடக்கிறது? அந்தக் கௌராமிகள் எப்படிப் பிழைத்தன?

மீன் சுவாசிப்பது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை. அது எவ்வளவு சொற்பம் என்பது கணக்குப் போட்டுப் பார்க்கும்வரை எனக்கு உறைக்கவே இல்லை. மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரத்துக்குத் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 100 லிட்டர். தண்ணீர் 30 டிகிரியில் இருந்தால், கடல் மட்டத்தில் ஒரு லிட்டரில் அதிகபட்சம் சுமார் 7.6 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். தருமபுரி கடல் மட்டத்திலிருந்து 450 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் இங்கே அது 7.2 அளவுக்கு இறங்கிவிடும். 850 மீட்டருக்கும் மேலே இருக்கும் ஓசூரில் இன்னும் கொஞ்சம் குறையும். ஆனால் அங்கே தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பதால் அந்த இழப்பு ஓரளவு ஈடாகிவிடும்.

ஆக, 100 லிட்டர் தொட்டி முழுவதிலும் இருப்பது முக்கால் கிராமுக்கும் குறைவான ஆக்சிஜன். இதே அளவு ஆக்சிஜன் வெளிக்காற்றில் எவ்வளவு இடத்தில் இருக்கும் தெரியுமா? மூன்று லிட்டர் குக்கருக்குள் அடைபடும் காற்றில்! நாம் அந்த அளவு காற்றைச் சில மூச்சுகளில் இழுத்துவிடுவோம். பத்து மீன்கள் இரவு முழுக்க அதை வைத்துக்கொண்டுதான் காலம் தள்ள வேண்டும்.

என் தொட்டியில் மீன்கள் எல்லாம் சேர்த்து 400 கிராம் எடை இருந்திருக்கும். வெயில் காலத்துத் தண்ணீரில் அவை மணிக்குத் தோராயமாக 80 முதல் 100 மில்லிகிராம் ஆக்சிஜனைச் செலவழிக்கும். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் தாங்காது. அப்படியானால் பயன்படுத்த மிஞ்சுவது 500 மில்லிகிராம், அதாவது ஐந்தாறு மணி நேரத்துக்கு உண்டானது. இதில் பங்கு கேட்க இன்னொரு கூட்டமும் உண்டு. ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியிருக்கும் நைட்ரஜன் பாக்டீரியாக்கள் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அம்மோனியாவில் உள்ள ஒரு கிராம் நைட்ரஜனை மாற்ற அவற்றுக்கு நாலரை கிராமுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். அடியில் கிடக்கும் மிச்சத் தீனி அழுகும்போது அதுவும் ஆக்சிஜனைத் தின்னும். இருட்டில் செடிகளும் ஆக்சிஜனை வெளியே விடாது, உள்ளேதான் இழுக்கும். அன்று ராத்திரி படுக்கப் போகும் முன் நான் வேறு தாராளமாகத் தீனி போட்டிருந்தேன்.

மேலே இவ்வளவு காற்று இருக்கிறதே, அது தண்ணீருக்குள் இறங்காதா? இறங்கும், ஆனால் மெதுவாக. அசையாத தண்ணீரில் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மேல்தட்டில் மெல்லிய ஏடு போல ஒரு படலம் ஆக்சிஜனால் நிறைந்துவிடும், அதற்குக் கீழே இருக்கும் தண்ணீர் பட்டினி கிடக்கும். அடித் தண்ணீரை மேலே கொண்டுவரவும் மேல் தண்ணீரைக் கீழே அனுப்பவும் யாராவது கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க ஒகேனக்கல் போதும். காவிரி பாறையில் மோதிச் சிதறிப் புகைபோல எழுவதால்தான் கன்னடத்தில் புகைக்கல் என்று பொருள்படும் அந்தப் பெயரே வந்தது. அந்தச் சிதறலில் ஒவ்வொரு துளியும் காற்றைத் தொட்டுவிட்டுத்தான் கீழே விழுகிறது. தொட்டியில் ஏர் பம்ப் செய்வதும் இதே வேலைதான். குமிழிக்குள் இருக்கும் காற்று தண்ணீரில் கரைவது ஒரு பங்கு. அதைவிடப் பெரிய பங்கு, குமிழிகள் மேலே ஏறும்போது அடித் தண்ணீரையும் கூடவே இழுத்து வந்து மேல்பரப்பை உடைப்பது. குமிழி விடும் கல்லான ஏர் ஸ்டோனைத் தொட்டியின் அடியில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

கௌராமிகள் பிழைத்த விஷயமும் இங்கே விளங்கிவிடுகிறது. அவற்றின் தலைக்குள், செவுளுக்கு மேலே, மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு இருக்கிறது. மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி, அதிலிருந்து நேராக ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஃபைட்டர் மீனும் பனையேறிக் கெண்டையும் இதே குலம். விராலுக்கும் காற்றைச் சுவாசிக்கத் தனி அறை உண்டு. அதனால்தான் சந்தையில் கொஞ்சம் தண்ணீரிலேயே அது உயிரோடு கிடக்கிறது. இப்படிப்பட்ட மீன்கள் மட்டும் வளர்ப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் பாதிப் பதற்றத்தோடு படித்தால் போதும். சில்வர் ஷார்க், ஏஞ்சல், கோய், கோல்ட் ஃபிஷ் வைத்திருப்பவர்கள் முழுக்கப் படியுங்கள்.

சரி, இப்போது கடைக்காரரின் கேள்விக்கு வருவோம். தண்ணீரை அசைக்கும் ஏர் பம்புக்குத் தேவைப்படுவது 3 முதல் 5 வாட். தண்ணீரைச் சுழற்றும் ஃபில்டருக்கு 10 முதல் 20 வாட். விளக்கு வேண்டவே வேண்டாம். ஹீட்டர் 100 வாட் தின்னும், ஆனால் அதுவும் அவசரமில்லை. 100 லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி குளிரவே ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். ஓசூரில் மார்கழி ராத்திரியாக இருந்தாலும், மேல்பக்கம் மூடாமல் சுற்றிலும் ஒரு கம்பளியைப் போர்த்தினால் காலை வரை ஓட்டிவிடலாம். ஆக மொத்தம் 5 வாட்டில் உயிர் நிற்கும், 25 வாட்டில் சௌகரியமாகவே ஓடும். இதற்கு 2 கேவிஏ ஜெனரேட்டர் வாங்குவது, ஒரு குடம் தண்ணீருக்கு லாரி பிடிப்பது மாதிரி.

எவ்வளவு மின்சாரம் என்பதைவிட, எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் பெரிய விஷயம். நடு இரவில் எழுந்து ஜெனரேட்டர் கயிற்றை இழுக்க ஆள் வேண்டும். நானோ தூங்கிக்கொண்டிருந்தேன். அதனால் நான் முதலில் வாங்கச் சொல்வது தானாக மாறும் ஏசி–டிசி ஏர் பம்பைத்தான். அதைப் பிளக்கில் செருகியே வைத்திருக்க வேண்டும். கரண்ட் இருக்கும்போது பேட்டரி சார்ஜ் ஏறும், போன நொடியில் பம்ப் பேட்டரிக்குத் தாவிவிடும். இதைவிட மலிவாக வேண்டும் என்றால் யுஎஸ்பி ஏர் பம்ப். 10,000 எம்ஏஎச் பவர் பேங்கில் 37 வாட்-மணி மின்சாரம் இருக்கும். ஒரு வாட் கருவியை ஒரு மணி நேரம் ஓட்டுவது ஒரு வாட்-மணி. மாற்றும்போது வீணாவதைக் கழித்தால் 30 வாட்-மணி. ஒன்றரை வாட் பம்ப் அதில் 20 மணி நேரம் ஓடும். சில பவர் பேங்குகள் இழுக்கும் மின்சாரம் குறைவாக இருந்தால் தாமாகவே அணைந்துவிடும். உங்களுடையது அப்படியா என்று ஒரு பகலில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். இதைச் செருக ஓர் ஆள் விழித்திருக்க வேண்டும் என்பது மட்டும் குறை.

அடுத்தது வீட்டு யுபிஎஸ். 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரியில் 1,800 வாட்-மணி இருக்கிறது. பேட்டரி கெடாமல் எடுக்கக்கூடியது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, ஏறத்தாழ 1,000 என்று வையுங்கள். தொட்டிக்கு 25 வாட், இன்வெர்ட்டர் தன் வயிற்றுக்கு எடுத்துக்கொள்ளும் 15 வாட், ஆக 40 வாட். அப்படியானால் ஒரு நாள் முழுக்க வரும். ஆனால் அதே யுபிஎஸ்ஸில் 75 வாட் பழைய மின்விசிறிகள் இரண்டும் நாலு விளக்கும் ஓடினால் நாலைந்து மணி நேரத்தில் பேட்டரி காலி. அதாவது விடிவதற்குள், மீன்களுக்கு மிக மோசமான நேரத்தில், பம்ப் நின்றுவிடும். வீட்டில் யுபிஎஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

யுபிஎஸ் புதிதாக வாங்குவதாக இருந்தால் சைன் வேவ் வகையே வாங்குங்கள். ஏர் பம்புக்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. நொடிக்கு 50 முறை திசை மாறும் மின்சாரம் அதை மின்காந்தமாக்கி, காந்தம் பொருத்திய ஒரு சிறு கையை ஆட்டுகிறது. அந்தக் கைதான் ரப்பர் துருத்தியை அமுக்கி அமுக்கிக் காற்றை அனுப்புகிறது. சைன் வேவில் மின்சாரம் அலைபோல ஏறி இறங்கும். ஸ்கொயர் வேவில் திடீரென்று தாவும். அந்தத் தாவலில் நொடிக்கு 150 முறை, 250 முறை என்று வேண்டாத அதிர்வுகளும் கலந்திருக்கும். பம்ப் ஓடத்தான் செய்யும், ஆனால் இரைச்சல் போடும், சூடாகும்.

ஜெனரேட்டர் வேண்டியவர்களும் இருக்கிறார்கள். மாடியில் இருபது, முப்பது தொட்டி வைத்துக் குஞ்சு பொரிக்க விடுபவர்களுக்கு எல்லாத் தொட்டிக்கும் காற்று ஊதும் ஒரு பொது புளோயரும் சில மோட்டார்களும் ஓட வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. அந்த மாதிரிச் சமயத்தில் எந்த பேட்டரியும் கரண்ட் வரும்வரை தாங்கும் என்று நம்பி உட்கார முடியாது. 1 கேவிஏ என்று எழுதியிருந்தால் கைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 800 வாட். மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இரண்டு விஷயங்களில் மட்டும் எந்தச் சமரசமும் கூடாது. ஜெனரேட்டரை வீட்டுக்குள், பால்கனியில், மாடிப்படிக்கு அடியில் ஓட்டாதீர்கள். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அது நம் ரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். தூங்குபவர் எழ மாட்டார். ஜன்னல்களுக்கு இருபதடி தள்ளி, திறந்த வெளியில்தான் ஓட வேண்டும். இன்னொன்று, அதன் ஒயரைச் சுவர் பிளக்கில் செருகி வீடு முழுக்கக் கரண்ட் கொடுக்கும் வழக்கம். அந்த மின்சாரம் மீட்டர் வழியாக வெளியே போய், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்ந்து, கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனைக் கொல்லும். வெளி லைனைத் துண்டித்துவிட்டு வீட்டை ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது.

ஒன்றுமே கையில் இல்லாத நேரத்துக்கும் வழி உண்டு. போன வருடம் ஒரு மாதாந்திரப் பராமரிப்பு நாளில் பேட்டரி பம்ப் பழுதாகிக் கிடந்தபோது, அம்மா சொம்பால் தண்ணீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருந்தார். கால் மணிக்கு ஒருமுறை, இருபது முப்பது சொம்பு. மதியம் இரண்டு மணிக்குக் கரண்ட் வரும்வரை ஒரு மீனும் மேலே வந்து வாய் பிளக்கவில்லை. சொம்பிலிருந்து விழுவதும் சின்ன ஒகேனக்கல்தான். அந்த நேரத்தில் தீனி மட்டும் போடாதீர்கள். ஆரோக்கியமான பெரிய மீன்கள் சில நாள் பட்டினியைத் தாங்கும்.

கரண்ட் இல்லாத இரவில் எல்லோரும் கொசுவர்த்தி ஏற்றுவார்கள். அதில் இருக்கும் பைரெத்ராய்டு வகை மருந்து மீனுக்குக் கடும் விஷம். பேட்டரி பம்ப் அந்தப் புகையை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் அனுப்பிவிடும். தொட்டி இருக்கும் அறையில் கொசுவர்த்தி வேண்டாம். பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் டியூபில், ஒரு திசையில் மட்டும் வழிவிடும் நான்-ரிட்டர்ன் வால்வும் போடுங்கள். இல்லாவிட்டால் பம்ப் நிற்கும்போது தண்ணீர் பின்னோக்கி வந்து, பம்பையும் நனைத்துத் தரையையும் நனைக்கும்.

கரண்ட் வந்ததும் ஒரு வேலை இருக்கிறது. ஃபில்டர் உண்மையிலேயே ஓடுகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். உள்ளே மணல் சிக்கியிருந்தால் சுழலி திரும்பக் கிளம்பாமல் முனகிக்கொண்டே நிற்கும். மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் பல மணி நேரம் நின்றிருந்தால், உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து தண்ணீர் அழுகல் வாடை அடிக்கும். அதை அப்படியே ஓட விட்டால் அந்த அழுக்கு மொத்தமும் தொட்டிக்குள் வந்துவிடும். கழற்றி, அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டி, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிவிட்டு மாட்டுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் மிச்சமிருக்கும் பாக்டீரியாவும் போய்விடும். தொட்டியில் கால்வாசித் தண்ணீரை மாற்றிவிட்டு, தீனியை மறுநாள் காலையில் கொஞ்சமாகப் போடுங்கள்.