குப்பாவின் பட்டியிலிருந்து கிணற்று மீன் வரை

மழைக்காலம் முடிந்து கொசு கிளம்பும் நாட்களில் எங்கள் தெருக் கிணற்றுக்கு நகராட்சி ஆள் ஒருவர் வருவார். பிளாஸ்டிக் வாளியைச் சுவர்மேல் வைத்து மெல்லச் சாய்ப்பார். சுண்டுவிரல் நகம் அளவுக்கு மீன்கள் நீரோடு வழுக்கி உள்ளே இறங்கும். "கப்பி மீன். கொசுப் புழுவெல்லாம் தின்னுடும்" என்பார். கிணற்றுக்குள் வாழும் மீனுக்குக் கிணற்றுக் கப்பியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று பிள்ளைகள் நாங்கள் எண்ணிக்கொண்டோம்.

அந்தப் பெயர் உண்மையில் ஓர் ஆங்கிலக் குடும்பத்தின் பெயர். அதிலும் அரிதான ஒன்று. அதன் தடத்தைப் பிடித்துப் போனால், ஒரு பெயர் எப்படி மண்ணில் முளைக்கிறது, எப்படிப் பரவுகிறது, எப்படி அழியாமல் தப்புகிறது என்பது படிப்படியாகப் புரியும்.

இங்கிலாந்தின் தென்மேற்கில், கடலை ஒட்டி டார்செட் என்றொரு மாவட்டம். அதன் மேற்கு ஓரத்தில், லைம் ரீஜிஸ் என்ற கடற்கரை ஊருக்கு அருகே, வூட்டன் ஃபிட்ஸ்பெய்ன் என்ற சிற்றூர். அந்த வட்டாரத்துக்குள் அடங்கிய ஒரு சின்ன இடத்தின் பெயர் கப்பி. பெயராய்வாளர்கள் அதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். முன்பாதி 'குப்பா' என்ற பழைய ஆங்கில ஆள்பெயர். பின்பாதி 'ஹேய்' என்று ஒலித்த சொல். வேலி போட்டு அடைத்த நிலம் என்று பொருள். ஆடுமாடு அடைக்கும் இடத்துக்கு நாம் வைத்த 'பட்டி' என்ற சொல்தான் பிறகு ஆயிரம் ஊர்ப்பெயர்களின் வாலாக ஒட்டிக்கொண்டது. அதே வழியில் போனால் இந்த ஊருக்குத் தமிழ்ப் பெயர் ஏறக்குறைய 'குப்பன்பட்டி'. ஒலி ஒத்துப்போவது தற்செயல். ஆனால் ஒருவன் வேலி போட, வேலி ஊராக, ஊர் பேராக மாறும் முறை இங்கும் அங்கும் ஒன்றுதான்.

ஊர்ப்பெயர் ஆளுக்கு எப்போது ஒட்டுகிறது? அந்த ஊரிலேயே இருக்கும்வரை ஒட்டுவதில்லை. திருச்சியில் இருப்பவரை யாரும் 'திருச்சிக்காரர்' என்று கூப்பிடுவது கிடையாது. அவர் மதுரையில் கடை வைத்தால்தான் அந்தப் பெயர். கப்பியில் இருந்தவன் நாலு மைல் தள்ளிப் பிழைக்கப் போனபோதுதான் 'கப்பியின் நிக்கலஸ்', 'கப்பியின் ஜான்' என்று ஆனான். ஊர்வழிப் பெயர்கள் பெரும்பாலும் தாய் ஊரிலேயே நிற்காமல் அதைச் சுற்றி ஒரு வளையம்போல அடர்ந்து கிடப்பதற்கு இதுவே காரணம். எவ்வளவு தூரம் என்றால், நடந்து சந்தைக்குப் போய்விட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பக்கூடிய தூரம்.

1066இல் நார்மானியர் படையெடுத்து வந்தபின், நிலம் பெற்ற பிரபுக்கள் தங்கள் ஊர்ப்பெயரைப் பிள்ளைகளுக்கும் விட்டுச் செல்லத் தொடங்கினார்கள். நிலத்துக்கு உரிமை கோரப் பெயர் தொடர்ச்சி தேவைப்பட்டது. வழக்கம் மெல்லக் கீழே இறங்கி, 14ஆம் நூற்றாண்டின் நடுவில் தென்பகுதியின் சாதாரணக் குடும்பங்களுக்கும் நிலைத்த பெயர் வந்துவிட்டது. வடக்கே இன்னும் தாமதம். 1538இல் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லின் ஆணைப்படி, திருமுழுக்கு, திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு பங்குத் திருச்சபையும் ஏட்டில் எழுத வேண்டும் என்றானது. பெயர்களின் வரலாற்றைத் தேடுபவர்களுக்கு அந்த ஏடுகள்தான் கைவிளக்கு. பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே பெயர் நாலு எழுத்துக்கூட்டலில் வரும் என்பதையும் மறக்கக் கூடாது.

அன்று உண்டான பெயர்களில் பெரும்பகுதி இன்று இல்லை. 1348இல் வந்து இறங்கிய கொள்ளைநோய் மூன்றில் ஒருவருக்கு மேல் கொண்டுபோனது. நோயே வராவிட்டாலும் பெயர்கள் அழிந்துகொண்டேதான் இருக்கும் என்பது இன்னும் ஆழமான விஷயம்.

1873இல் ஃபிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கில அறிஞர் இதை ஒரு கணக்காகப் போட்டார். ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் விடை தேடினார். நாமும் போட்டுப் பார்க்கலாம். ஒரு பெயரை ஒரே ஒரு மனிதன் தாங்கி நிற்கிறான். ஒவ்வொரு ஆணுக்கும் சராசரியாக ஒரு மகன். ஆனால் யாருக்கு எத்தனை என்பது அதிர்ஷ்டத்தின் கையில். ஒருவருக்கு மூன்று, ஒருவருக்கு ஒன்றுமில்லை. இந்த நிலையில் முதல் தலைமுறையிலேயே மகன் இல்லாமல் பெயர் நின்றுபோக 100க்கு 37 வாய்ப்பு. இரண்டாம் தலைமுறை முடிவதற்குள் அது 53. பத்தாவது தலைமுறையில் 84. மக்கள்தொகை குறையவே இல்லை. ஆனாலும் நூறு பெயர்களில் பதினாறுதான் மிச்சம். போன பெயர்களின் இடத்தை, தப்பிய பெயர்கள் பெருகி நிரப்பிக்கொள்ளும். வாட்சன் தம் விடையில் எல்லாப் பெயர்களும் ஒருநாள் அழிந்தே தீரும் என்று முடித்தார். அது பிழை. சராசரி ஒன்றுக்கு மேல் இருந்தால் சில பெயர்கள் என்றென்றும் நிலைக்க வழி உண்டு. ஆனால் அந்தக் கணக்கு முறை பிழைத்துக்கொண்டது. அணுக்கருப் பிளவின் தொடர்வினையையும், தொற்றுநோய் பரவுவதையும் இன்றும் அதே கணக்கில்தான் அளக்கிறார்கள்.

ஆகவே ஓர் அரிய பெயர் இன்று உயிரோடு இருந்தால், ஒரே குடும்பக் கொடி ஏழெட்டு நூற்றாண்டு அறுபடாமல் வந்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். 'ஸ்மித்' போன்ற பெயர் அப்படியல்ல. ஊருக்கு ஊர் கொல்லன் இருந்தான். ஒவ்வொரு கொல்லனும் தனித்தனியே ஸ்மித் ஆனான். கப்பி என்ற இடம் ஒன்றுதான்.

பெயர்களைத் தேசவரைபடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று முதன்முதலில் முனைந்து உழைத்தவரின் பெயரும் கப்பியே. ஹென்றி பிரவும் கப்பி, கடற்படை மருத்துவர். சாலமன் தீவுகளின் பாறைகளையும் விதைகள் கடலில் மிதந்து போய்த் தீவுகளில் முளைப்பதையும் ஆராய்ந்தவர். 1890இல் பிரிட்டனின் குடும்பப் பெயர்களுக்குத் தாய்மண் எது என்று ஒரு நூல் வெளியிட்டார். அவர் கையாண்ட முறை எனக்கு மிகவும் பிடித்தது. நகரவாசிகளை அவர் எண்ணவில்லை. ஆலைகளும் ரயிலும் அவர்களைக் கலக்கிவிட்டிருந்தன. மாவட்ட முகவரிப் புத்தகங்களை எடுத்து, விவசாயிகளை மட்டும் எண்ணினார். நிலத்தை விட்டு எளிதில் நகராதவன் உழவன். அவன் நின்ற இடத்தில்தான் அவன் பெயரும் நிற்கும். பத்தாயிரம் விவசாயிகளுக்கு இந்தப் பெயர் எத்தனை என்று ஒவ்வொரு மாவட்டத்துக்கும் கணக்கிட்டு, நாடு முழுக்கப் பரவிய பெயர் முதல் ஒரே மாவட்டத்துக்குள் அடங்கிய பெயர் வரை ஆறு வகையாகப் பிரித்தார். விதை எங்கிருந்து மிதந்து வந்தது என்று கேட்டுப் பழகிய மனிதர் பெயரையும் அதே கண்ணால் பார்த்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவர் கையால் எண்ணியதை இன்று கணினி எண்ணுகிறது. 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்துப் பதிவான சுமார் 2 கோடியே 60 லட்சம் பேரின் விவரங்களையும் தன்னார்வலர்கள் எழுத்தெழுத்தாகப் பெயர்த்து வைத்திருக்கிறார்கள். எந்தப் பெயரைக் கொடுத்தாலும் வரைபடம் வண்ணம் பூசிக்கொள்ளும். கப்பி என்று கொடுத்தால் டார்செட் கறுத்து நிற்கும். அக்கம்பக்க மாவட்டங்களில் மங்கலான சாயல். மற்றதெல்லாம் பெரும்பாலும் வெறுமை.

இதெல்லாம் காகிதச் சாட்சி. உடம்பிலும் ஒரு சாட்சி இருக்கிறது. ஆங்கில வழக்கப்படி குடும்பப் பெயர் தகப்பனிடமிருந்து பிள்ளைகளுக்கு வருகிறது. மகன் வழியாகவே மேலும் தொடர்கிறது. உயிரணுவுக்குள் மரபுத் தகவலைச் சுமக்கும் இழைகள் குரோமோசோம்கள். அவற்றில் ஆண்களிடம் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோமும் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகிறது. மற்றக் குரோமோசோம்கள் தலைமுறைக்குத் தலைமுறை சீட்டுக்கட்டுபோலக் கலைக்கப்படும். ஒய் பெரும்பகுதி கலையாமல், எப்போதாவது நேரும் எழுத்துப்பிழைகளோடு மட்டும் இறங்கி வரும். பெயரும் குரோமோசோமும் ஒரே வண்டியில் பயணம். தகப்பன் பெயரை முதலெழுத்தாக வைத்து, தலைமுறைதோறும் அதை மாற்றிக்கொள்ளும் நம்மிடம் இந்த ஆய்வைச் செய்ய முடியாது.

லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங், மார்க் ஜாப்லிங் இருவரும் இதைச் சோதித்தார்கள். 2006இல் வெளியான ஆய்வில், ஒரே குடும்பப் பெயர் கொண்ட, ஆனால் ஒருவரையொருவர் அறியாத ஆண்களை இருவர் இருவராக 150 இணைகள் சேர்த்தார்கள். நான்கில் ஏறத்தாழ ஓர் இணைக்கு ஒய் குரோமோசோம் பொது முன்னோரைக் காட்டியது. அரிய பெயர்களில் மட்டும் பார்த்தால் பாதிக்குப் பாதி. 2009இல் 40 பெயர்கள், 1,678 ஆண்கள். ஸ்மித்களைத் தெருவில் போகிறவர்களிடமிருந்து பிரித்தறிய முடியவில்லை. நாட்டிங்ஹாம்ஷயரின் ஒரு சிற்றூர்ப் பெயரான 'அட்டன்பரோ'வில், பத்தில் ஏறத்தாழ ஒன்பது ஆண்களுக்கு ஒரே வகை ஒய். அதுவும் இங்கிலாந்தில் அபூர்வமான வகை.

இன்னொரு பெயர் அவர்களைத் திகைக்க வைத்தது. கிழக்கு யார்க்ஷயரைச் சேர்ந்த ஓர் அரிய பெயர். அதைத் தாங்கிய வெள்ளையரான ஓர் ஆணின் ஒய் குரோமோசோம், அதுவரை மேற்கு ஆப்பிரிக்கரிடம் மட்டுமே காணப்பட்ட வகை. தம் வம்சத்தில் ஆப்பிரிக்கத் தொடர்பு இருப்பது அவருக்குத் தெரியாது. அதே பெயர் கொண்ட 18 பேரைச் சோதித்ததில் ஏழு பேருக்கு அந்த வகை இருந்தது. பங்கு ஏடுகளைப் புரட்டியபோது அந்த ஏழு பேரும் 18ஆம் நூற்றாண்டின் இரண்டு குடும்பக் கிளைகளில் போய்ச் சேர்ந்தார்கள். குரோமோசோம் வேறுபாட்டை வைத்துப் பார்த்தால், அந்தக் கிளைகளும் அதே நூற்றாண்டின் தொடக்கத்தில் இணைகின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து எப்படியோ வந்து சேர்ந்த ஒரு மனிதன் அந்தப் பெயரின் வேரில் நிற்கிறான். அடிமைக் கப்பலில் வந்தானா, அவன் மகனோ பேரனோ வந்தானா, அதற்கும் வெகு முன்பா என்று குரோமோசோம் சொல்லாது. முகத்தில் ஒரு தடயமும் மிஞ்சாமல் போனபின்பும் அந்த ஒரு துண்டு மட்டும் தகப்பன் மகனுக்குக் கைமாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. 2007இல் இந்த ஆய்வு வெளிவந்தபோது ஒரு நாட்டின் 'பூர்வகுடி' யார் என்ற பேச்சே கொஞ்சம் தடுமாறியது.

அந்தப் பதினெட்டில் மீதி பதினொரு பேருக்கு வேறு ஒய். பெயரும் குரோமோசோமும் பிரிந்துபோக வழிகள் உண்டு: தத்துப்பிள்ளை, தாயின் பெயரை எடுத்துக்கொண்ட மகன், வெளியே சொல்லப்படாத தகப்பன், பெயரே இரு இடத்தில் தனித்தனியே பிறந்தது. அதைவிடப் பெரிய குறை ஒன்று. இந்தக் கண்ணாடியில் பெண்களே தெரிய மாட்டார்கள். கப்பி என்ற பெயருக்குப் புகழ் சேர்த்தவர்களில் ஒருவர் சாரா கப்பி. பாலங்களின் அடித்தூண்களை நீருக்குள் இறக்கி நிறுத்தும் முறைக்கு 1811இல் காப்புரிமை பெற்றவர். அவர் பிறந்தது பர்மிங்ஹாமில், பீச் என்ற குடும்பத்தில். பிரிஸ்டல் வணிகர் ஒருவரை மணந்ததால் கப்பி ஆனார். பொறியாளரான அவர் மகன் தாமஸ், புகழ்பெற்ற பொறியாளர் புருனெலோடு சேர்ந்து கப்பல் கட்டினார். அந்த அறிவு அம்மா வழி வந்தது என்றால், அதைச் சொல்லப் பெயரில் இடமில்லை.

மீனுக்கு வருவோம். ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி என்பவர் டிரினிடாட் தீவில் வாழ்ந்த இயற்கையியலாளர். அங்குள்ள ஓடைகளில் துள்ளிய சின்ன மீன்களை லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். 1866இல் அங்கிருந்த விலங்கியலாளர் ஆல்பர்ட் குந்தர் அந்த மீனுக்குக் கப்பியின் பெயரைச் சூட்டினார். ஆனால் 1859லேயே வில்ஹெல்ம் பீட்டர்ஸ் என்ற ஜெர்மன் விலங்கியலாளர், வெனிசுவேலாவிலிருந்து வந்த அதே மீனுக்கு வேறு பெயர் வைத்துவிட்டிருந்தார். முந்தியவருக்கே உரிமை என்ற விதிப்படி குந்தர் வைத்த பெயர் தள்ளுபடியானது. மீன் வளர்ப்பவர்கள் வாயில் மட்டும் 'கப்பி' தங்கிவிட்டது. கொசு ஒழிப்புக்காக அந்த மீனைக் கண்டம் கண்டமாகக் கொண்டுபோனபோது பெயரும் கூடவே போனது. டார்செட்டில் வளையம்போல நின்ற ஒரு பெயர், அந்தக் குடும்பத்து ஆள் ஒருவரும் எட்டிப்பார்க்காத கிணறுகளுக்கெல்லாம் இப்படித்தான் வந்து சேர்ந்தது.

கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் யோஹானஸ் ஷ்மிட் இதே மீனை வளர்த்தார். சில ஆண் மீன்களின் முதுகுத் துடுப்பில் ஒரு கரும்புள்ளி இருந்தது. வேறு சிலவற்றுக்கு இல்லை. எந்தத் தாயோடு சேர்த்தாலும் புள்ளியுள்ள தகப்பனின் மகன்களுக்கெல்லாம் புள்ளி இருந்தது. மகள்களுக்கு இல்லை, மகள்கள் வழிப் பேரன்களுக்கும் இல்லை. 1920இல் அவர் இதை வெளியிட்டார். ஒரு பண்பு ஒய் குரோமோசோமில் ஏறி, தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்கும் என்பதற்கு உயிரியலில் கிடைத்த முதல் சான்றுகளில் ஒன்று இது.

வீட்டில் கண்ணாடித் தொட்டி இருந்தால் நீங்களே பார்க்கலாம். கப்பி முட்டையிடாது, குட்டி போடும். பிறந்தவுடன் எல்லாக் குஞ்சும் ஒன்றுபோல நிறமற்று, இரண்டு கண்ணும் ஒரு கோடுமாகத்தான் இருக்கும். வாரங்கள் போகப் போக ஆண்குஞ்சுகளின் உடம்பில் நிறம் ஏறும். முதலில் ஒரு மஞ்சள் கீற்று, பிறகு நீலம். புள்ளி உள்ள வம்சம் என்றால், தகப்பனுக்கு எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில், முதுகுத் துடுப்பில் ஒரு கரும்புள்ளி.