முள் 100 என்கிறது, போன் 94 என்கிறது

கார்ப் பைத்தியங்கள் நாலு பேர் ஒரே வண்டியில் ஏறினால் பேச்சு இரண்டு விஷயத்தைத் தாண்டாது. ஒன்று வண்டி, இன்னொன்று கையில் இருக்கிற போன். போன வாரம் இரண்டும் நேருக்கு நேர் மோதிக்கொண்டன. நான் ஓட்டுகிறேன், நேர் சாலை, ஸ்பீடோமீட்டர் முள் 100-ல் ஆடாமல் நிற்கிறது. பக்கத்து சீட் நண்பன் போனைப் பார்த்துவிட்டு, "மச்சி, 94-தான்டா போறோம், உன் மீட்டர் பொய் சொல்லுது" என்றான். பின்னால் இருந்தவன் விடுவானா? "போன் ஜிபிஎஸ் நாம நிக்கிற இடத்தையே அஞ்சு மீட்டர் தள்ளிக் காட்டும், அதை நம்பி வண்டியைக் குறை சொல்றியா?" மூன்றாமவன் இன்னும் ஒரு படி மேலே போனான்: "என்னுதும் இதே மாடல்தான். என் வண்டில முள் 100-னா போன் 99. உன் வண்டிலதான் கோளாறு."

மூன்று பேரில் முதலாமவன் சொன்னதுதான் சரி. மற்ற இரண்டு பேரும் எங்கே தடுமாறினார்கள் என்பதற்கு வண்டி எப்படி வேகத்தைக் கணக்குப் போடுகிறது, போன் எப்படிப் போடுகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒட்டோ உறவோ கிடையாது.

கார் சாலையைப் பார்ப்பதே இல்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டும்தான். பழைய வண்டிகளில் கியர்பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் முறுக்கிக்கொண்டே மீட்டர் வரை வரும், அதன் நுனியில் ஒரு காந்தம், காந்தத்தைத் தொடாமல் அதன் மேல் கவிழ்த்த மாதிரி ஒரு சின்ன அலுமினியக் கிண்ணம், கிண்ணத்தோடு ஒட்டிய முள். காந்தம் சுழன்றால் கிண்ணத்துக்குள் சுழல் மின்னோட்டம் பிறந்து கிண்ணமும் கூடவே திரும்பப் பார்க்கும். ஒரு மெல்லிய சுருள் ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுக்கும். இரண்டு இழுப்பும் சமமாகிற இடத்தில் முள் நிற்கும். ஓட்டோ ஷுல்ட்சே 1902-ல் காப்புரிமை வாங்கிய யோசனை இது. அந்த நூற்றாண்டில் பெரும்பாலான வண்டிகள் இதை வைத்துத்தான் ஓடின. கேபிள் காய்ந்துபோனால் முள் வெடவெடவென்று நடுங்கும், பழைய வண்டி வைத்திருந்தவர்களுக்கு அந்த நடுக்கம் மறந்திருக்காது.

இப்போது கேபிள் போய்விட்டது. சக்கரத்தோடு சுற்றும் பல் வளையத்தை ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏற்பாடு) பிரேக்குக்காக வைத்த சென்சார் எண்ணிக்கொண்டே இருக்கிறது, அதே எண்ணிக்கைதான் மீட்டருக்கும் போகிறது. 195/65 ஆர் 15 டயரை எடுத்துக்கொள்வோம். 15 அங்குல ரிம் என்றால் 381 மில்லிமீட்டர், டயரின் பக்கச் சுவர் 195-ல் 65 சதவீதம், அதாவது 126.75, அது மேலே ஒன்று கீழே ஒன்று. மொத்த விட்டம் 634.5 மி.மீ. சுற்றளவு 2 மீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு. மணிக்கு 100 கி.மீ. என்பது நொடிக்கு 27.8 மீட்டர், ஆக சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 14 சுற்று. வளையத்தில் 48 பல் இருந்தால் சென்சாருக்கு நொடிக்கு 670 துடிப்பு அளவில் கிடைக்கும். எண்ணுவதில் பிழையே வராது, எண்ணிக்கை சுத்தம்.

ஆனால் அந்த 'சுற்றளவு 2 மீட்டர்' இருக்கிறதே, அது கம்ப்யூட்டருக்கு யாரோ சொல்லிக் கொடுத்தது. அது அளந்து பார்த்தது இல்லை. புது டயரில் பட்டன் ஆழம், அதாவது டயர் மேலே வெட்டியிருக்கிற பள்ளத்தின் ஆழம், 8 மி.மீ. இருக்கும் என்று வையுங்கள், பல நாடுகளில் சட்டப்படி தேய விடக்கூடிய எல்லை 1.6 மி.மீ. அதுவரை தேய்ந்தால் விட்டத்தில் 12.8 மி.மீ. காணாமல் போகும், கிட்டத்தட்ட 2 சதவீதம். தேய்ந்த டயர் அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுற்றும், மீட்டர் கூடுதலாகக் காட்டும். புது டயர் போட்ட அன்றைய 100-ம் அதே டயர் மொட்டையான அன்றைய 100-ம் ஒன்றில்லை. காற்று குறைந்தாலும் இதே கதைதான், அளவு மட்டும் சின்னது. சில வண்டிகள் இதையே தந்திரமாகப் பயன்படுத்துகின்றன: ஒரு சக்கரம் மட்டும் மற்ற மூன்றையும் விட ஒரு துளி வேகமாகச் சுற்றினால் அதில் காற்று இறங்குகிறது என்று டேஷ்போர்டில் விளக்கு எரியும். தனியாகக் காற்றழுத்த சென்சாரே கிடையாது.

சரி, 2 சதவீதம் புரிகிறது, 6 எங்கிருந்து வந்தது? இங்கேதான் சட்டம் நுழைகிறது. பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. வாகன விதிமுறை எண் 39 சொல்வது இதுதான்: மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், ஆனால் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதன் மேல் 4 கி.மீ.யும் சேர்ந்த அளவைத் தாண்டக் கூடாது. உண்மையில் 100-ல் போகிற வண்டி 114 வரை காட்டினாலும் விதிக்கு உட்பட்டதுதான். ஒருபுறம் சுவர், மறுபுறம் மைதானம். கம்பெனி இன்ஜினியர் எந்தப் பக்கம் ஒதுங்குவார்? அதனால் டயலுக்குப் போகும் எண்ணில் வேண்டுமென்றே கொஞ்சம் ஏற்றி வைத்துவிடுகிறார்கள். நண்பன் 'பொய்' என்றது சரியான வார்த்தைதான், அனுமதி வாங்கிய பொய். வண்டி ஓடிய மொத்த தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரில் பொதுவாக இந்த ஏற்றம் இருக்காது, சக்கரச் சுற்றைக் கூட்டி அப்படியே தூரமாக்கிவிடும். ஒரே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற இரண்டு எண்களில் ஒன்று நேர்மையானது, இன்னொன்று ஜாக்கிரதையானது.

இனி போன். எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளும்.

பின் சீட்டுக்காரன் சொன்னது பாதி உண்மை. திறந்த வானத்தின் கீழே நல்ல போன்கூட இடத்தைக் காட்டுவதில் சுமார் 5 மீட்டர் தவறும். ஒரு நொடி முன்பு எங்கே இருந்தோம், இப்போது எங்கே இருக்கிறோம் என்று கழித்துப் பார்த்துத்தான் போன் வேகம் சொல்கிறது என்றால் அவன் பயம் நியாயம்தான், இரண்டு புள்ளிக்கும் நடுவே பிழை ஒரு மீட்டர் மாறினாலே வேகத்தில் 3.6 கி.மீ. கூடும் அல்லது குறையும். ஆனால் போனின் ஜிபிஎஸ் சிப் வேகத்தை அப்படிக் கண்டுபிடிப்பதில்லை. அது காது கொடுத்துக் கேட்கிறது.

ஹாரன் அடித்துக்கொண்டே வரும் வண்டி நம்மைக் கடக்கும்போது சத்தம் சட்டென்று இறங்குமே, 1842-ல் கிறிஸ்டியன் டாப்ளர் விளக்கிய அதே சங்கதி ரேடியோ அலைக்கும் உண்டு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து 1575.42 மெகாஹெர்ட்ஸில் பாடிக்கொண்டே இருக்கின்றன. நொடிக்கு 157 கோடியே 54 லட்சத்து 20 ஆயிரம் அலை, ஒவ்வொன்றும் 19 சென்டிமீட்டர் நீளம். நீங்கள் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் நேராக அந்தச் செயற்கைக்கோளை நோக்கியே போனால் நொடிக்கு எத்தனை அலை கூடுதலாக வந்து மோதும் தெரியுமா? வெறும் 146. வேகத்தில் 1 கி.மீ. வித்தியாசம் என்பது ஒன்றரை அலை. 157 கோடியில் ஒன்றரை! சட்டைப் பையில் கிடக்கிற கருவி இதைப் பிரித்துக் கேட்கிறது என்பதை நான் இன்னமும் வாய் பிளந்துதான் பார்க்கிறேன்.

அதிலும் இரண்டு சிக்கல். செயற்கைக்கோளே நொடிக்கு 3.9 கி.மீ. வேகத்தில் பறக்கிறது, அதாவது மணிக்கு 14,000 கி.மீ. அந்த இரைச்சலுக்கு நடுவே உங்கள் 100-ஐத் தேட வேண்டும். இது பரவாயில்லை, தான் எந்தப் பாதையில் போகிறேன் என்ற விவரத்தைச் செயற்கைக்கோளே சிக்னலில் சேர்த்து அனுப்புவதால் போன் அந்தப் பங்கைக் கணக்குப் போட்டுக் கழித்துவிடும். இரண்டாவது சிக்கல்தான் வில்லங்கம். அலையை எண்ண ஒரு கடிகாரம் வேண்டும், செயற்கைக்கோளில் இருப்பது அணுக்கடிகாரம், போனில் இருப்பதோ அரிசி அளவு குவார்ட்ஸ் படிகம். அது சூடானால் ஒரு பேச்சு, குளிர்ந்தால் ஒரு பேச்சு. பத்து லட்சத்தில் ஒரு பங்கு அது தவறினாலே வேகக் கணக்கில் மணிக்கு 1,080 கி.மீ. பிழை! தப்பிக்க வழி என்னவென்றால், கடிகாரத்தின் தவறு எல்லாச் செயற்கைக்கோளின் சிக்னலிலும் ஒரே அளவில்தான் ஏறும். கிழக்கு மேற்கு, வடக்கு தெற்கு, மேல் கீழ் என்று வேகத்துக்கு மூன்று தெரியாத எண்கள், கடிகாரத் தவறு நான்காவது. நாலு செயற்கைக்கோள் கிடைத்தால் நாலு சமன்பாடு, தவறு தனியாகப் பிரிந்து வந்துவிடும். கிளோனாஸ், கலிலியோ, பெய்டோ என்று மற்ற நாடுகளின் செயற்கைக்கோள் கூட்டங்களையும் சேர்த்தால் திறந்த வெளியில் போனுக்கு இருபது முப்பது குரல்கூடக் கேட்கும். அவ்வளவு சாட்சி இருக்கும்போது, சீரான வேகத்தில் பிழை மணிக்கு 1 கி.மீ.க்குள் அடங்கிவிடும். இருக்கும் இடத்தில் 5 மீட்டர் தவறுகிற கருவி வேகத்தில் இவ்வளவு துல்லியமாக இருப்பது இதனால்தான்.

இதற்காக முள்ளை மூடி வைத்துவிட்டு போனைப் பார்த்து ஓட்டக் கிளம்பிவிடாதீர்கள். பெரும்பாலான போன்கள் நொடிக்கு ஒரு தடவைதான் புது எண்ணைத் தருகின்றன, அதையும் ஆப் கொஞ்சம் வழவழப்பாக்கிக் காட்டும். காய்ந்த சாலையில் அழுத்திப் பிரேக் போட்டால் ஒரே நொடியில் வேகம் 28 கி.மீ. வரை விழும், அந்த ஒரு நொடி முழுக்க போன் பழைய கதையையே சொல்லிக்கொண்டிருக்கும். சக்கரத்து சென்சார் அப்படியில்லை, அதன் எண்ணிக்கையை வைத்துத்தான் ஏபிஎஸ் நொடிக்குள் பல தடவை பிரேக்கை விட்டுப் பிடிக்கிறது. உயரக் கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் தெறித்து வருவதால் சிவப்பு விளக்கில் நிற்கிற வண்டியைப் போன் 3 கி.மீ. வேகத்தில் நகர்த்திக் காட்டும். வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு கொடுத்த முன் கண்ணாடி ஜிபிஎஸ் அலையையும் சேர்த்தே தடுக்கும். சுரங்கப் பாதையில் கேட்கவே வேண்டாம். போனைக் காரின் திரையோடு இணைத்திருந்தால் சில வண்டிகள் தங்கள் சக்கர வேகத்தையும் கூரை ஆன்டெனாவில் வாங்கிய ஜிபிஎஸ்ஸையும் போனுக்குக் கடன் கொடுக்கும், அதனால்தான் சிலருக்குச் சுரங்கத்துக்குள்ளும் வரைபடத்து அம்பு நிற்காமல் ஓடுகிறது.

எங்கள் சண்டையைத் தீர்க்க அடுத்த நாள் மூன்றாவது சாட்சியை இறக்கினேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 ஊசித் துளையோடு ஒரு ஓபிடி சாக்கெட் இருக்கும், வண்டியின் கோளாறைப் படிக்க மெக்கானிக் கருவி செருகுகிற இடம், அமெரிக்காவில் 1996 மாடல் முதல் பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயம். அதில் தீப்பெட்டி அளவு ப்ளூடூத் அடாப்டரைச் செருகினால் காரின் கம்ப்யூட்டரோடு போன் நேரடியாகப் பேசும். வேகம் என்ன என்று கேட்டால் ஒரே ஒரு பைட்டில் பதில் வரும், 0 முதல் 255 வரை முழு எண், தசமமெல்லாம் கிடையாது. பல வண்டிகளில் டயலுக்காகச் சேர்க்கும் ஏற்றம் இந்த எண்ணில் இருக்காது. பக்கத்து சீட்டில் இருந்தவன் படித்துச் சொன்னான்: முள் 100, ஓபிடி 95, ஜிபிஎஸ் 94. டயலில் ஏற்றி வைத்தது 5. மீதி 1 எங்கே போனது என்று குனிந்து டயரைப் பார்த்தால் பட்டன் பாதி தேய்ந்திருக்கிறது. கணக்கு டாலி.

மூன்றாமவன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்போ என் வண்டில 99 எப்படிடா வருது? ஒரே மாடல், ஒரே கம்பெனி!" கீழே இறங்கி அவன் டயரின் பக்கவாட்டைப் படித்தேன். 205/70 ஆர் 15. பார்க்க முரட்டுத்தனமாக இருக்கட்டும் என்று போன வருஷம் மாற்றியிருக்கிறான். விட்டம் 668 மி.மீ., என்னுடையதைவிட 5 சதவீதத்துக்கு மேல் அதிகம். அவன் கம்ப்யூட்டர் இன்னமும் பழைய சுற்றளவை வைத்தே பெருக்கிக்கொண்டிருக்கிறது, கம்பெனி ஜாக்கிரதைக்காக வைத்த இடைவெளியைப் பெரிய டயர் விழுங்கிவிட்டது. அந்த 99 துல்லியம் இல்லை, இரண்டு தவறு ஒன்றையொன்று அடித்துக்கொண்டதால் வந்த எண். இன்னும் ஒரு சைஸ் ஏற்றினால் மீட்டர் குறைத்துக் காட்ட ஆரம்பிக்கும், அது விதிக்குப் புறம்பு.

பிறகுதான் எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. டயர் மாற்றியதிலிருந்து மைலேஜ் விழுந்துவிட்டது, 15 கொடுத்த வண்டி 14-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது என்று ஆறு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தான். ஓடோமீட்டரும் அதே சக்கரச் சுற்றைத்தானே எண்ணுகிறது? அதில் 500 கி.மீ. ஏறியபோது வண்டி உண்மையில் ஓடியது 526. 35 லிட்டர் குடித்திருந்தால் அவன் கணக்கில் லிட்டருக்கு 14.3, சாலைக் கணக்கில் 15. போனிலேயே கால்குலேட்டரைத் திறந்து இரண்டு தடவை போட்டுப் பார்த்தான். அப்புறம் மெதுவாக, "அப்போ இன்ஜெக்டரைக் கழட்டிக் கழுவினது?" என்றான்.

யாரும் பதில் சொல்லவில்லை.