மேலே 6 என்று இருந்தால் ஆறு வரை எண்ணினால் போதுமா?

டிரம்ஸ் கற்க வருபவர்களிடம் ஒரு பாட்டைப் போட்டு, இது என்ன டைம் சிக்னேச்சர் (தாளத்தைக் குறிக்க மேலும் கீழுமாக எழுதும் இரண்டு எண்கள்) என்று கேட்டால், பெரும்பாலும் யோசிக்காமல் 4/4 என்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பாப், ராக், ஹிப்-ஹாப் என எதை எடுத்தாலும் அதிகம் இருப்பது 4/4தான். சீராக கிளிக் ஒலி தரும் மெட்ரோனோம் செயலியைத் திறந்தாலும் அதுதான் முதலில் வந்து நிற்கும். அதே அமைப்பில் 6/8 பாட்டையும் வைத்துப் பழகினால்தான் வம்பு. அழுத்தமான கிளிக் பாட்டோடு ஒட்டாமல் நகர்ந்துகொண்டே போகும். பாவம், வாசிப்பவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்.

மேல் எண் ஒரு பாரில், அதாவது தாளத்தின் ஒரு சுற்றில், எத்தனை நோட் என்று சொல்கிறது. கீழ் எண் எந்த நோட் என்று சொல்கிறது. 4 என்றால் குவாட்டர் நோட், 8 என்றால் அதில் பாதி நீளமுள்ள எய்த் நோட். சரி, ஆனால் 3/4 பாரிலும் ஆறு எய்த் நோட்தான் அடங்கும், 6/8 பாரிலும் ஆறுதான். அப்புறம் வித்தியாசம் எங்கே? ஒரே வேகத்தில் ஆறு வரை எண்ணிப் பாருங்கள். முதலில் 1, 3, 5 மேல் அழுத்துங்கள். அது 3/4, வால்ட்ஸ் நடனத்தின் தாளம். பிறகு வேகத்தை மாற்றாமல் 1, 4 மேல் மட்டும் அழுத்துங்கள்; ஊஞ்சல் போல ஆடத் தொடங்கும். அது 6/8. பாப் பாட்டுகளில் பெரும்பாலும் அந்த 1இல் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), 4இல் ஸ்னேர் (குச்சியால் அடிக்கும், 'சட்' என்று ஒலிக்கும் டிரம்). எண்ணுவது ஆறு, கால் தட்டுவது இரண்டு.

காது குழம்பினால் காலை நம்புங்கள். பீட்டுக்கு ஓர் அடியாக நடந்து பாருங்கள். 4/4இல் ஒவ்வொரு பாரின் 'ஒன்'னும் ஒரே காலில் விழும். 3/4, 5/4, 7/4இல் இந்தப் பாருக்கு வலது கால், அடுத்ததற்கு இடது என்று மாறி மாறி விழும். 1973இல் வந்த, பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழுவின் 'மணி' பாட்டுக்கு நடந்தால் இது நன்றாகத் தெரியும். பாட்டு 7/4, கிட்டார் சோலோவில் 4/4க்குப் போகிறது, அங்கே கால் மாறுவது நின்றுவிடும்.

ஐந்து, ஏழைக் கண்டு பயப்பட வேண்டாம். ஐந்தை அப்படியே எண்ணாமல் உடைத்துக்கொண்டால் போதும். டேவ் புருபெக் குவார்டெட் என்ற ஜாஸ் குழு 1959இல் வெளியிட்ட 'டேக் ஃபைவ்' 5/4. பியானோவோடு சேர்ந்து 'தகிட தக' என்று சொல்லிப் பாருங்கள், மூன்றும் இரண்டுமாக உட்கார்ந்துவிடும்.

ஒரே மெதுவான பாட்டை ஒரு புத்தகம் 12/8 என்றும், இன்னொன்று 4/4இல் ட்ரிப்லெட் (ஒரு பீட்டை மூன்று சமப் பங்காகப் பிரிப்பது) என்றும் எழுதியிருக்கும். இரண்டும் சரிதான், சண்டை தேவையில்லை. ஆனால் குழுவில் எல்லோர் கையிலும் ஒரே தாள் இருக்கட்டும். 12/8 தாளைப் பார்த்துப் பன்னிரண்டு வரை எண்ணும் ஒருவர் 'ஏழிலிருந்து எடுப்போம்' என்றால் 4/4 தாள் வைத்திருப்பவர் முழிப்பார். அவருக்கு அது மூன்றாவது பீட்.